‘ஹவெவர்’ – ‘ஆனால்’ என்று எழுதினால் போதுமா?

ஆங்கிலம்–தமிழ் அகராதியில் ‘பட்’ என்று தேடினால் ‘ஆனால்’ என்று வரும். ‘ஹவெவர்’ என்று தேடினாலும் பெரும்பாலும் அதே ‘ஆனால்’தான். பொருளைப் பார்த்தால் தவறில்லை. முன்னே சொன்னதற்கு மாறான ஒன்றைச் சொல்லத்தான் இரண்டும் வருகின்றன. சொல்வகையோ வேறு. ‘பட்’ இணைப்புச்சொல் (கன்ஜங்க்ஷன்), ‘ஹவெவர்’ வினையடை (ஆட்வெர்ப்). காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே, எதை எதோடு சேர்க்கலாம் என்று ஆங்கிலம் எழுதும்போது வரும் குழப்பத்தில் முக்கால்வாசி இந்த வேறுபாடு தெரியாததால் வருவது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஹவ்’ என்றால் எப்படி. ‘எவர்’ ஒட்டினால் ‘எப்படியாயினும்’, ‘எவ்வளவாயினும்’ என்று பொருள் விரியும். முதலில் இருந்தது இந்தப் பொருள்தான். ‘இருந்தாலும்’ என்ற முரண்பொருள் பிற்பாடு ஏறியது. பழைய பொருள் இன்றும் வழக்கில் இருக்கிறது. ‘ஹவெவர் ஹார்ட் ஹி ட்ரைட், த டோர் டிட் நாட் ஓப்பன்’ என்றால் ‘எவ்வளவு முயன்றும் கதவு திறக்கவில்லை’. இங்கே ‘ஹவெவர்’ பக்கத்திலிருக்கும் ‘ஹார்ட்’ என்ற சொல்லைத் தழுவி நிற்கிறது. பழக்கதோஷத்தில் அதன் பின்னால் காற்புள்ளி போட்டால் வாக்கியம் அங்கேயே உடைந்துவிடும்.

‘பட்’ வந்த வழி வேறு. பழைய ஆங்கிலத்தில் அது ‘பூட்டன்’. ‘வெளியே’, ‘இல்லாமல்’, ‘தவிர’ என்று பொருள். அந்த வேர் தெரிந்தால் சில தொடர்கள் தாமாகவே விளங்கும். ‘ஆல் பட் ஒன்’ என்பது ஒன்றைத் தவிர மற்றெல்லாம். ‘எனிதிங் பட் ஈஸி’ என்பது சற்றும் எளிதல்ல. இவற்றில் ‘ஆனால்’ என்று போட்டு மொழிபெயர்த்தவர்கள் உண்டு. படிப்பவர் பாடு திண்டாட்டம்.

நம் ‘ஆனால்’ கூடப் பிறப்பில் முரண்சொல் அல்ல. ‘உண்மை ஆனால் ஒப்புக்கொள்கிறேன்’ என்பதில் வருவதுபோல, ‘ஆகு’ என்ற வினையின் நிபந்தனை வடிவம் அது. ‘ஆயின்’, ‘எனின்’, ‘இருப்பின்’ எல்லாமே நிபந்தனைதான். அவற்றோடு ‘உம்’ சேர்த்தால் ஆனாலும், ஆயினும், எனினும், இருப்பினும் என்று நிபந்தனை முரணாக மாறிவிடும். ‘எனினும்’ என்பதைப் பிரித்தால் ‘என்று சொன்னாலும்’. முன் வாக்கியத்தை முழுதாக ஏற்றுக்கொண்டு அதைத் தாண்டிப் போகும் சொல் அது. ‘ஹவெவர்’ செய்யும் வேலையும் அதுதான் என்பதால் எனினும், இருப்பினும் இரண்டுமே அதற்குப் பொருத்தமானவை. வேர்ப்பொருளை நம்பி ‘எப்படியாயினும்’ என்று போடுவதுதான் கண்ணி: தமிழில் அது ‘எது நடந்தாலும் சரி’ என்ற பொருள் தருகிறது, ஆங்கிலத்தில் ‘எனிவே’ நிற்க வேண்டிய இடம் அது.

‘ஹவெவர்’ வாக்கியத்தின் நடுவில் வரும்போது இன்னும் நல்ல தமிழ் ஒன்று கைவசம் இருக்கிறது. ‘த அதர்ஸ் லெஃப்ட். மீனா, ஹவெவர், ஸ்டேய்ட்.’ இதை ‘மற்றவர்கள் போய்விட்டார்கள். இருப்பினும் மீனா இருந்தாள்’ என்று எழுதினால் பிழையில்லை, உயிரும் இல்லை. ‘மீனாவோ இருந்துவிட்டாள்’ என்று எழுதிப் பாருங்கள். ஒருவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டும் ஓகாரம், அந்த இரண்டு காற்புள்ளிகளும் ஒரு வினையடையும் செய்யும் வேலையைத் தனியாகவே செய்துவிடுகிறது.

அந்த நடு இடம்தான் வினையடைக்கு அடையாளமும் கூட. ‘ஹவெவர்’ முதலில் வரும், நடுவில் வரும், கடைசியிலும் வரும். இணைப்புச்சொல்லாக வரும் ‘பட்’ தான் சேர்க்கும் இரண்டின் மூட்டில் மட்டும் நிற்கும், நகராது. எந்தச் சொல்லில் சந்தேகம் வந்தாலும் அதை வாக்கியத்துக்குள் நகர்த்திப் பார்த்தால் போதும்; நகர்ந்தால் வினையடை. நகரும் சொல்லால் இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டவைக்க முடியாது. இதை மறப்பதால் வரும் பிழைதான் இது:

‘த ரோட் வாஸ் வெட், ஹவெவர், த டிரைவர் டிட் நாட் ஸ்லோ டவுன்.’

இரண்டு பக்கமும் காற்புள்ளி இருப்பதால், ‘ஹவெவர்’ முன் பாதியைச் சேர்ந்ததா பின் பாதியைச் சேர்ந்ததா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ‘வெட்’ என்ற சொல்லுக்குப் பின் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வைத்து, ‘ஹவெவர்’ பின்னால் மட்டும் காற்புள்ளி விட வேண்டும். ‘பட்’ போட்டால் கணக்கு தலைகீழ்: அதற்கு முன்னால் ஒரு காற்புள்ளி, பின்னால் ஒன்றும் கூடாது. ‘பட், ஹி லெஃப்ட்’ என்று எழுதுபவர்கள் ‘ஹவெவர்’ சொல்லின் காற்புள்ளியை இதற்குக் கடன் கொடுக்கிறார்கள். வாக்கியத்தை ‘பட்’ என்று தொடங்கவே கூடாது என்று சொல்லிக்கொடுப்பதும் உண்டு. அதற்கு இலக்கண ஆதாரம் இல்லை.

இணைப்புச்சொல்லும் வினையடையும் ஒன்றாக வரலாமா? வரலாம். ‘அண்ட் யெட்’, ‘பட் ஸ்டில்’, ‘பட் நெவர்தலெஸ்’ எல்லாம் செல்லும். ஒட்டும் வேலையை இணைப்புச்சொல் பார்க்க, அழுத்தத்தை வினையடை பார்க்கிறது. ‘பட் ஹவெவர்’ என்பது மட்டும் கூடுதல் அழுத்தம் எதுவும் தராமல் ஒரே பொருளை இருமுறை சொல்வதால் காதில் இடறும். ஒன்றை எடுத்துவிடுவதே நல்லது.

இரண்டு இணைப்புச்சொற்கள் சேர்வது வேறு கதை. ‘ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் தே ப்ளேய்ட்’ தவறு. ‘ஆல்தோ’ முதல் பாதியைத் தனித்து நிற்க முடியாத சார்பு வாக்கியமாக்கிவிட்டது. ‘பட்’ இன்னொரு முதன்மை வாக்கியம் முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டு வருகிறது. அது அங்கே இல்லை. ‘பட்’ இருந்த இடத்தில் ‘யெட்’ வைத்தால் பழைய நடை என்று தோன்றுமே தவிரப் பிழையாகாது, ஏனென்றால் ‘யெட்’ வினையடையாகவும் நிற்கக்கூடியது. ‘தோ’ அப்படித்தான், பேச்சில் வாக்கியக் கடைசிக்கே போய்விடும்: ‘ஐ லைக் இட், தோ.’ அதன் அண்ணன் ‘ஆல்தோ’ அந்த இடத்தில் ஒருபோதும் நிற்காது.

‘நெவர்தலெஸ்’ பற்றி ஒரு சொல். நடுவிலுள்ள ‘த’ இன்று பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘த’ அல்ல. ‘அதனால்’ என்று பொருள்பட்ட பழைய சுட்டுவடிவின் எச்சம். ஆக, ‘அதனால் சற்றும் குறையாமல்’. ‘ஹவெவர்’ சொல்லைவிட இதில் பிடிவாதம் அதிகம். ‘அப்படியிருந்தும்’ என்பது அந்தப் பிடிவாதத்தைக் கொண்டுவரும்.

தமிழில் ‘இருந்தும்’ வேறு, ‘இருந்தாலும்’ வேறு என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். ‘பணம் இருந்தும் தரவில்லை’ என்றால் பணம் இருந்தது, ஐயமில்லை. இது ‘ஈவன் தோ’. ‘பணம் இருந்தாலும் தரமாட்டான்’ என்றால் இருக்கிறதோ இல்லையோ தெரியாது. இது பெரும்பாலும் ‘ஈவன் இஃப்’. பேச்சில் ‘-ஆலும்’ இரண்டுக்கும் ஓடுவதால், நடந்து முடிந்த செய்தியை எழுதும்போதும் ‘ஈவன் இஃப்’ வந்து விழுகிறது. ‘ஈவன் இஃப் ஹி வாஸ் இல், ஹி கேம்’ என்று படிப்பவருக்கு அவர் உண்மையிலேயே நோயுற்றிருந்தாரா என்ற சந்தேகம் வரும். எழுதும் முன் அந்த வரியை மனத்துக்குள் ‘-ந்தும்’ போட்டுச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் ‘ஈவன் தோ’ அல்லது ‘ஆல்தோ’ எழுதலாம்.