தை மாசக் கல்யாணத்துக்குள் மூக்கைச் சரி செய்துவிடலாமா?

ஐப்பசி பிறந்தாலே எங்களிடம் இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். பெண்ணும் அம்மாவும் சேர்ந்து வருவார்கள். கும்பகோணம் பக்கமாக இருக்கும், மன்னார்குடி பக்கமாக இருக்கும். பெண் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அம்மாதான் பேசுவார். "டாக்டரம்மா, தையில கல்யாணம் வச்சிருக்கோம், அதுக்குள்ள இந்த மூக்கை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிட்டா நல்லா இருக்கும்."

நான் பெண்ணைத்தான் கேட்பேன். "நீ சொல்லும்மா, உனக்கு என்ன தொந்தரவு?" சிறு வயதிலிருந்தே மூக்குத்தண்டில் இருக்கும் மேடு உறுத்துகிறது என்பாள் ஒருத்தி. ஒரு பக்கம் மூச்சே போகவில்லை, ராத்திரி வாயால்தான் மூச்சு விடுகிறேன் என்பாள் இன்னொருத்தி. பெண் பார்க்க வந்தவர்கள் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள் என்று பதில் வந்தால், அன்றைக்கு அறுவை சிகிச்சைப் பேச்சை எடுக்கவே மாட்டேன். அது அவளுடைய மூக்கு. அவள் யோசித்துவிட்டு வரட்டும்.

காரணம் சரியாகவே இருந்தாலும் தை மாசத்துக்குள் செய்துகொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மூக்கைத் திருத்தி அமைக்கும் ரைனோபிளாஸ்டி 2, 3 மணி நேரத்தில் முடிந்துவிடும், மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் மூக்கு தன் வடிவத்துக்கு வந்து நிற்க ஒரு வருஷம் ஆகும். தோல் தடித்தவர்களுக்கு அதற்கு மேலும் ஆகும், நம் ஊரில் பலருக்குத் தடித்த தோல்தான். உள்ளே எலும்பையும் குருத்தெலும்பையும் எவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கினாலும் அதன் மேல் தோல் படிந்தால்தான் வெளியே தெரியும், மூக்கு நுனியின் வீக்கமோ எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வடியும்.

முதல் நாள் வலி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. மூக்கடைப்புதான் பாடாய்ப் படுத்தும். வாயால் மூச்சு விட்டு விட்டுத் தொண்டை வறண்டு போகும், மூக்கின் கீழே ஒட்டியிருக்கும் பஞ்சில் ரத்தம் கலந்த நீர் கசிந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று தலையணை வைத்து, தலை உயர்ந்த வாக்கில் படுக்க வேண்டும்.

இரண்டாம் மூன்றாம் நாள்தான் எல்லோரும் கலங்கிப் போகிற நாள். எலும்பைத் திருத்தியிருந்தால் இரண்டு கண்களும் வீங்கி, கீழ் இமை கத்திரிக்காய் நிறத்துக்குக் கன்றிவிடும். சரியாக அன்றைக்குத்தான் அத்தையும் சித்தியும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். "அடியாத்தி, நல்லா இருந்த புள்ளைய இப்படியா ஆக்குவாங்க!" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அந்தப் பெண் இரவெல்லாம் தூங்க மாட்டாள். அந்தக் கன்றல் 10 நாளிலிருந்து 2 வாரத்துக்குள் மறைந்துவிடும். அதனால் முதல் வாரம் உறவுக்காரர்களை வரவேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

ஏழாம் நாள் வாக்கில் மூக்கின் மேலுள்ள கெட்டிக் கட்டைப் பிரிப்போம். ஓரத்தை நனைத்து நனைத்து மெல்ல எடுத்தால் அடியில் தோல் எண்ணெய் வழிந்து, சின்னச் சின்னப் பருக்களோடு இருக்கும். மூக்கு அகலமாகவும் நுனி மேலே தூக்கியும் தெரியும். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "பன்னி மூக்கு மாதிரி இருக்கே டாக்டர்" என்று தேம்பி அழுத பெண்கள் உண்டு. நுனியில் நீர் கோத்திருப்பதால் வரும் தோற்றம் அது, வாரம் போகப் போக இறங்கும். முன்கூட்டியே இதைச் சொல்லி வைத்த பெண்கள்கூடக் கண் கலங்குகிறார்கள், ஆனால் பயப்படுவதில்லை.

அப்புறம் நம் வீட்டு வைத்தியம். மூக்கடைப்பு என்றதும் பாட்டி நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு ஆவி பிடிக்க வைத்துவிடுவார். தயவுசெய்து வேண்டாம், சூடு பட்டால் வீக்கம் கூடும், ரத்தம் கசியும். மூக்கு நுனி மரத்துப் போயிருப்பதால் சுட்டாலும் தெரியாது. நாங்கள் தரும் உப்புத்தண்ணீர் ஸ்பிரே போதும். மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். கட்டு இருக்கும்வரை தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டாம். மூக்குக் கண்ணாடி தண்டில் உட்காரக் கூடாது, 4 முதல் 6 வாரம் ஆகும். மூக்குத்தியைச் சிகிச்சைக்கு முன்பே கழற்றிவிடுவோம், திரும்பப் போடுவதற்கு நாங்கள் சரி என்று சொல்ல வேண்டும். முழுமுகத்தையும் மூடும் ஹெல்மெட் மூக்கை அழுத்திக்கொண்டு இறங்கும் என்பதால் சில வாரங்களுக்கு வண்டியையே எடுக்காதீர்கள். களத்தில் நெல் அடிக்கிற தூசிப் பக்கமும் போகவேண்டாம். பையன்களுக்கு இன்னொன்று: பொங்கல் கபடிக்குப் போகவேண்டும் என்றால் இந்தச் சிகிச்சையை அதற்கு முன்னால் வைத்துக்கொள்ளாதீர்கள். சிகரெட்டை 4 வாரம் முன்பே விட்டுவிட வேண்டும், பின்னாலும் தொடக் கூடாது. ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள், ரத்தம் உறைவதை அவை பாதிக்கலாம். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

நடிகையின் படத்தைப் போனில் காட்டி "இதே மாதிரி" என்று கேட்பவர்களிடம் நேராகவே சொல்லிவிடுவேன். உங்கள் எலும்பு, உங்கள் தோல், இவற்றை வைத்துத்தான் வேலை செய்ய முடியும். சின்னதாக்கு, இன்னும் சின்னதாக்கு என்று உள்ளே இருப்பதை அதிகம் எடுத்துவிட்டால் மூச்சுப் பாதை சுருங்கிவிடும், அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வாயால் மூச்சு விடுகிற நிலைமை வந்துவிடும். தேர்ந்த கைகளில் செய்தாலும் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு மறுபடி ஒரு திருத்தம் தேவைப்படலாம், அதையும் ஒரு வருஷம் பொறுத்துத்தான் செய்வோம். கையெழுத்துப் போடும் முன் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது சின்ன ஊர்களில்கூட அழகு நிலையங்களில் ஊசி போட்டே மூக்கைத் தூக்கித் தருகிறோம் என்று பலகை வைக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. மூக்கில் ஓடும் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. அந்த ஊசியில் ஏற்றும் ஃபில்லர் மருந்து ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகிப் போகலாம், பார்வையே போய்விடலாம். மருத்துவர் அல்லாதவர் கையில் மூக்கைக் கொடுக்காதீர்கள்.

பைக்கில் விழுந்து மூக்கு உடைந்தவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. எண்ணெய் போட்டு நீவிவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தால் எலும்பு கோணலாகவே ஒட்டியிருக்கும். பெரியவர்களுக்கு 2 வாரத்துக்குள், குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே நிமிர்த்திவிட வேண்டும். அடிபட்ட பின் இரண்டு பக்கமும் மூக்கு அடைத்து வலி கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே வாருங்கள், நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருந்தால் குருத்தெலும்பு கரைந்து மூக்கு அமுங்கிவிடும்.

சரி, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து 15 நிமிடம் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, வலி குறையாமல் ஏறுகிறது, மூக்கிலிருந்து நிறமில்லாமல் தெளிந்த தண்ணீர் போலச் சொட்டுகிறது, பார்வை மங்குகிறது, இவற்றில் எது நடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி 2 மணியானாலும் உங்களுக்குச் சிகிச்சை செய்த டாக்டரைக் கூப்பிடுங்கள். அந்த நம்பரைப் பெண்ணின் போனில் மட்டும் வைக்காமல் அம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள்.