கியோஃபூவுக்குப் பெயின்ட் அடிக்கக் கிளம்பாதீர்கள்

"பழைய விமானம் வெளிறிப்போய் நிற்கிறதே, ஒரு கோட் அடித்தால் பளிச்சென்று இருக்குமே!" எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பேச்சு ஓய்வதில்லை.

ஜப்பானின் கவனிஷி நிறுவனம் கட்டிய, சக்கரத்துக்குப் பதில் மிதவையோடு கடலில் இறங்கும் சண்டை விமானம் கியோஃபூ. மொத்தமே 97. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கா கொண்டுபோனவற்றில் மூன்றுதான் மிச்சம். அதில் ஒன்று பென்சில்வேனியாவின் வில்லோ குரோவ் கடற்படைத் தளத்தில், சாலையோர வேலிக்குள் பல வருடம் வெட்டவெளியில் நின்றது.

"அலுமினியம் துருப்பிடிக்காதே" என்கிறார்கள். பிடிக்கும். இரும்பைப் போலச் சிவக்காது, அவ்வளவுதான். விமானத் தகடு சுத்த அலுமினியம் அல்ல, செம்பு கலந்த டியூராலுமின். கடலுப்பும் ஈரமும் சேர்ந்தால் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு தகடு ஏடு ஏடாகப் பிரியும். எஃகு போல்ட் தொடும் இடத்தில் போல்ட் பிழைத்துக்கொள்ளும், சுற்றியுள்ள அலுமினியம்தான் கரையும். இதன்மேல் பெயின்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் வரிசையில் பெயின்ட் கொப்புளம் கண்டால் அரிப்பு அடியில் வெகுதூரம் ஓடியிருக்கும்.

மிதவையைத்தான் முதலில் பாருங்கள். தண்ணீர் உள்ளே வராதபடி அறை அறையாக அடைத்துக் கட்டியது அது. தரையில் நிற்கும்போது அதே அடைப்பு, உள்ளே இறங்கிய மழைநீரை வெளியே விடாது. அடிப்பக்க வடிகால் திருகுகளைக் கழற்றியே வைக்க வேண்டும். பறவைக்கூடு, இலைக்குப்பை எல்லாவற்றையும் கையால் எடுங்கள். ஹைபிரஷர் தண்ணீர் வேண்டாம், அது உப்பை இடுக்குகளுக்குள் தள்ளிவிடும். மணலை வேகமாக அடித்துப் பெயின்ட் உரிக்கும் மணல் வீச்சு கூடவே கூடாது.

பழைய பெயின்ட்தான் சாட்சி. கரும்பச்சைக்கு அடியில் என்ன ப்ரைமர் (அடிப்பூச்சு), அமெரிக்காவில் எத்தனை முறை மேலே பூசினார்கள் என்பதெல்லாம் இரண்டு மில்லிமீட்டர் சில்லிலேயே இருக்கிறது. ரெசினில் பதித்து, குறுக்கே தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் அடுக்கடுக்காகத் தெரியும். சுரண்டித் தள்ளிவிட்டால் திரும்ப வராது. ஸ்டென்சில் எழுத்துகளைத் தொடும் முன் படம் எடுங்கள்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் காலத்து விமானங்களிலிருந்து கழன்ற டயல்களை வீட்டில் திறக்காதீர்கள். அவற்றில் பல, இருட்டில் ஒளிர, கதிர்வீச்சு உள்ள ரேடியம் பூசியவை. ஒளி அணைந்துவிட்டதால் ரேடியம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். செத்தது ஒளிரும் பூச்சுதான், ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1,600 வருடம். கண்ணாடி உடைந்திருந்தால் ஊதாதீர்கள், துடைக்காதீர்கள். ஜிப் பையில் போட்டு மூடி, கையைக் கழுவிவிட்டு, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள்.