அசல் சான்றிதழைக் கல்லூரியில் ஒப்படைக்காதீர்கள்

"ஒரிஜினலைக் கொடுத்தாத்தான் ஆர்டர்னு சொன்னாங்க மேடம். எல்லாரும் கொடுத்தாங்க, நானும் கொடுத்துட்டேன்."

பணி வழக்குகள் நடத்தும் வக்கீலாக இந்த வாசகத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். முனைவர் பட்டம் வாங்கியவர்கள், வகுப்பு நிறைந்த பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்துகிறவர்கள். வேலையில் சேரும் அன்று மட்டும் கேள்வி கேட்கும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக வந்தவர் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் சிவில் துறை உதவிப் பேராசிரியர். துறையில் சேர்க்கை விழுந்ததும் நிர்வாகம் சம்பளத்தைப் பாதியாக்கியது. வேறு கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே ஒரு வாரத்தில் சேர வேண்டும். பழைய கல்லூரியிலோ, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டு, அல்லது உன் இடத்துக்கு ஆளைக் கொண்டுவந்து நிறுத்து, பிறகு சான்றிதழ் பற்றிப் பேசலாம் என்றார்களாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பிஎச்.டி. பட்டம் வரை எல்லாம் அவர்கள் பீரோவில். ரசீது உண்டா என்று கேட்டேன். "ஆபீஸ் அக்கா ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாங்க" என்றார். கைப்பேசியில் துழாவி ஒரே ஒரு படத்தைக் காட்டினார். பழுப்பு நிற உறை, மேலே மார்க்கர் பேனாவில் அவர் பெயரும் பணியாளர் எண்ணும், மூலையில் 'ஒரிஜினல் 9' என்ற குறிப்பு. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அம்மாவுக்கு அனுப்ப எடுத்த படம் அது. அதை வைத்துத்தான் நோட்டீஸ் எழுதினேன்.

முதலில் 'வழக்கம்' என்ற பேச்சை விடுங்கள். ஊரெல்லாம் செய்வதால் ஒன்று சட்டமாகிவிடாது. உங்கள் பட்டம் உங்கள் சொத்து. அடுத்தவர் பொருளைக் கடனுக்கு ஈடாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு உண்டு என்பதை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு எண்ணிச் சொல்கிறது: வங்கிகள், சரக்கு முகவர்கள், துறைமுகக் கிடங்குக்காரர்கள், உயர் நீதிமன்ற அட்டர்னிகள் (இப்போது இல்லாத பழைய வகை வக்கீல்கள்), காப்பீட்டுத் தரகர்கள். இந்தப் பட்டியலில் கல்லூரி இல்லை. வக்கீலுக்கே கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை கிடையாது என்று 2000ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் கட்சிக்காரர் ஃபீஸ் தராவிட்டாலும் கட்டை நான் திருப்பித் தர வேண்டும். தாளாளருக்கு மட்டும் தனிச் சட்டமா இருக்கிறது? கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதன்மேல் பிடிப்புரிமை கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. ஆசிரியர்களின் அசலை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று, பொறியியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

"நான்தானே மேடம் சம்மதிச்சு எழுதிக் கொடுத்தேன்" என்பார்கள். சரிபார்க்கக் கொடுத்தீர்கள். சரிபார்த்து முடிந்ததும் அதை வைத்திருக்க அவர்களுக்குக் காரணம் கிடையாது. "நோட்டீஸ் காலம் முடிக்கலையே" என்பார்கள். அது பணப் பிரச்சினை. உங்களால் நஷ்டம் வந்தது என்று கல்லூரி நினைத்தால் வழக்குப் போட்டு, நஷ்டத்தை நிரூபித்து, நியாயமான தொகையை வாங்கிக்கொள்ளட்டும். அதற்கு வழி இருக்கிறது. சான்றிதழைப் பூட்டி வைப்பது அந்த வழி அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க மறுப்பதால்தான் நன்றாகப் படித்தவர்கள்கூட மாதக்கணக்கில் தாளாளர் அறை வாசலில் நிற்கிறார்கள்.

அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை ஆண்டு வேலை செய்வேன், முன்பே விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டு வெற்றுக் காகிதம், கிழித்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற வங்கி ஒன்றின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

கல்லூரிகளுக்கு உங்கள் அசல்மேல் ஏன் இவ்வளவு ஆசை? வேலைச் சந்தை எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் புரியும். தனியார் பொறியியல் கல்லூரிகளில் ஆள் எடுக்கும் காலத்தைப் பாடத்திட்டம் தீர்மானிப்பதில்லை, இன்ஸ்பெக்‌ஷன்தான் தீர்மானிக்கிறது. அங்கீகாரத்துக்கும் இணைப்புக்கும் குழு வரும் நேரத்தில் 'உடனே தேவை' என்று விளம்பரம் வரும். குழு போனதும் சேர்க்கை இல்லை என்று கணக்குப் பார்ப்பார்கள். கல்லூரிக்கு வேண்டியது தகுதியுள்ள ஒரு பெயர், அந்தப் பெயருக்கான சான்றிதழ். நடுவில் அந்தப் பெயர் வேறு கல்லூரிக்கு ஓடிவிடக் கூடாது. பீரோவுக்குப் பூட்டு போடுவது அதற்காகத்தான்.

ஆசிரியர் பணியிடங்களும் சுருங்கிவிட்டன. 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விகிதத்தை ஏஐசிடிஇ 2018 வாக்கில் 20க்கு ஒருவர் என்று தளர்த்தியது. ஆண்டுக்கு 60 பேர் சேரும் துறையில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 240 மாணவர்கள். முன்பு 16 ஆசிரியர் வேண்டும், இப்போது 12 போதும். ஒரே துறையில் நான்கு நாற்காலி காலி. 2024-25 முதல் நல்ல நிலையில் உள்ள கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை மாணவர் இடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று உச்சவரம்பும் நீங்கியது. கேட்பதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸும் அதன் கிளைகளும்தான். சிவில், மெக்கானிக்கல் ஆசிரியர்கள் அடிபட்டது இப்படித்தான். என்னிடம் வருகிறவர்களில் அவர்களே அதிகம்.

பூட்டிய பீரோவால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற 220க்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பட்டியலில் 350க்கும் அதிகமான ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் காட்டப்பட்டிருந்ததை வெளியிட்டது. உங்கள் அசல் இன்னொருவர் கையில் இருந்தால் அது எந்தக் குழுவின் மேசைக்குப் போகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு விளக்கம் கேட்டு வரும் கடிதத்தில் இருக்கப்போவது உங்கள் பெயர். ஆண்டுக்கொரு முறையாவது பல்கலைக்கழகத் தளத்திலும் ஏஐசிடிஇ தளத்திலும் உங்கள் பெயர் எந்தக் கல்லூரிக்கு நேராக இருக்கிறது என்று பாருங்கள். வேலையை விட்ட கல்லூரியில் இன்னும் இருந்தால் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள்.

சம்பளம். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுப்படி 57,700 ரூபாய். பல தனியார் கல்லூரிகளில் கைக்கு வருவது 25,000 ரூபாய்கூட இல்லை. அதைவிட மோசம், வங்கியில் முழுத் தொகையைப் போட்டுவிட்டுப் பாதியைப் பணமாகத் திருப்பி வாங்குவது. ஏடிஎம் கார்டையும் கையெழுத்திட்ட காசோலைகளையும் நிர்வாகமே வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. தயவுசெய்து இதற்கு உடன்படாதீர்கள். வருமான வரித் துறைக்குத் தெரிவது முழுத் தொகை. நாளைக்குச் சம்பள பாக்கி என்று வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தைத்தான். ஏற்கெனவே இதில் சிக்கியிருந்தால், திருப்பிக் கொடுத்த ஒவ்வொரு முறையும் எந்தத் தேதியில், எவ்வளவு, யார் கையில் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பணத்தை ஏடிஎம்மில் எடுத்த சீட்டும், "கொடுத்தாச்சா?" என்று கேட்டு வரும் வாட்ஸ்அப் செய்தியும் வழக்கில் உதவும்.

தேதி போடாத ராஜினாமாக் கடிதம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இதற்கு விளக்கம் வேண்டாம்.

'லேபர் கோர்ட்டுக்குப் போகிறேன்' என்று கிளம்புகிறவர்களுக்கு: ஆசிரியர் அப்போதிருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் பொருளில் 'தொழிலாளி' அல்லர் என்று 1988லேயே சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு உதவி பெறாத தனியார் நிறுவனத்தின் பணி ஒப்பந்தத் தகராறுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவதும் உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்புக்குப் பிறகு எளிதல்ல. சிவில் நீதிமன்றத்துக்குப் பொறுமை வேண்டும். இவ்வளவு முட்டுக்கட்டை இருப்பதால்தான் சேரும்போதே கவனமாக இருங்கள் என்று கெஞ்சுகிறேன். ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. அவர்களையும் பணிக்கொடைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த 2009ஆம் ஆண்டுத் திருத்தம் 3.4.1997 முதல் செல்லும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பணிக்கொடை கேட்காமலே போன மூத்த ஆசிரியர்களைப் பார்க்கும்போது மனம் ஆறவில்லை.

"அரசு வேலை வரும் வரைக்கும்தானே மேடம், சமாளிச்சுடலாம்" என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். ஆசிரியர் தேர்வு வாரியம் 2019இல் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவித்தது. அது நடக்காமலே போய், 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்குப் புது அறிவிப்பு வந்தது. அதற்குள் எத்தனை பேருக்கு வயது ஏறிவிட்டது? கௌரவ விரிவுரையாளர் பணியும் நிரந்தரத்துக்கான படிக்கட்டு அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் மாதம் 50,000 ரூபாய் வரை என்று வரையறுத்தபோதும், நம் அரசுக் கல்லூரிகளில் அதில் பாதியைச் சுற்றியேதான் பல ஆண்டுகள் கழிந்தன. தகுதி விஷயத்திலும் பழைய செய்தியை நம்பாதீர்கள். 2023 ஜூலை முதல் கலை, அறிவியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், செட், ஸ்லெட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்று குறைந்தபட்சத் தகுதி. பிஎச்.டி. கட்டாயமில்லை. பணம் கட்டிக் கட்டுரை போட்டு அவசரமாகப் பட்டம் வாங்குவதைவிட அந்தத் தேர்வுக்குப் படியுங்கள்.

அரசு வேலையின் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அசல் கையில் இருந்தாக வேண்டும். அந்த நாள் உங்கள் தாளாளரின் மனம் இளகும் வரை காத்திருக்காது.

ஆகவே, சேரும்போது அசலை நீங்களே எடுத்துப் போங்கள், எதிரில் உட்கார்ந்து காட்டுங்கள், அதே மணி நேரத்தில் திருப்பி வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். "இன்ஸ்பெக்‌ஷன் வரை இருக்கட்டும்" என்றால், அன்றைக்கு நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லுங்கள். எதுவும் பலிக்காமல் கொடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், ஒவ்வொரு சான்றிதழின் வரிசை எண்ணோடு பட்டியல் எழுதி, திருப்பித் தரும் தேதியும் குறித்து, முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அன்று மாலையே அந்தப் பட்டியலை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். கல்லூரியில் இருப்பது தெரிந்தும், சான்றிதழ் பஸ்ஸில் தொலைந்தது என்று போலீசில் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கும் யோசனையை யாராவது ஒரு நண்பர் சொல்வார். பொய்ப் புகார் குற்றம். அதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருந்தது. அந்தக் கையெழுத்தோடு கல்லூரியின் கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிடுகிறீர்கள்.

இப்போதே அசல் உள்ளே மாட்டியிருக்கிறவர்கள், ராஜினாமா கொடுக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். வேலையில் சுமுகமாக இருக்கும்போதே கேளுங்கள். "வங்கிக் கடனுக்காக என் அசல் சான்றிதழ்கள் தேவைப்படுகின்றன" என்பது போல உண்மையான காரணம் ஏதேனும் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் காரணமே வேண்டாம். "இன்ன தேதியில் சரிபார்ப்புக்காக ஒப்படைத்த பின்வரும் சான்றிதழ்களைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற ஒரே வரியும் பட்டியலும் போதும். கல்லூரியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கும், டெலிவரிச் சான்று கேட்டு ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் ஏஐசிடிஇக்கும் அதே கடிதத்தின் நகலோடு புகார் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் டெலிவரிச் சான்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.