தப்பித்த கதையை யாரிடம் சொல்கிறோம்?

சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியில் மயக்க மருத்துவர்களான நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது புப்பிவக்கைன். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கும் மருந்து. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் கை நரம்பில் போட்டிருக்கும் வென்ஃப்ளான் என்ற சிறு குழாய் வழியே கொடுப்பது ட்ரானெக்சாமிக் ஆசிட். இரண்டுமே ஆம்பூல் என்னும் சிறிய கண்ணாடிக் குப்பிகளில் வருகின்றன. இரண்டுமே நிறமற்றவை. சில கம்பெனிகளின் ஆம்பூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பகல் வெளிச்சத்திலேயே ஒரு கணம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். இரவு இரண்டு மணிக்கு வரும் எமர்ஜென்சியில் கேட்கவே வேண்டாம்.

இந்த இரண்டாவது மருந்து தவறுதலாகத் தண்டுவட நீருக்குள் போய்விட்டால் கால் மரத்துப்போகாது. முதுகிலும் தொடையிலும் தாங்க முடியாத வலி தொடங்கும், கால்கள் தாமாகத் துடிக்கும், வலிப்பு வரும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். நரம்புகளின் வேகத்தை அடக்கிவைக்கும் கிளைசின், காபா என்ற உடலின் இயற்கை வேதிப்பொருள்களின் வேலையை இம்மருந்து தடுத்துவிடுகிறது. இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் இப்படிப் பதிவான 21 பேரில் 10 பேர் இறந்திருந்தார்கள்.

இப்படி மருந்து மாறிப்போகலாம் என்பது மருத்துவ இதழ்களில் 1980களின் இறுதியிலேயே பதிவாகிவிட்டது. 20,000க்கும் மேற்பட்ட தாய்மார்கள் பங்கேற்ற 'உமன்' ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் ட்ரானெக்சாமிக் ஆசிட் கொடுத்தால் ரத்தப்போக்கால் நேரும் மரணம் குறைகிறது என்று அது காட்டிய பிறகு, பிரசவம் பார்க்கும் தியேட்டர்களில் அந்த ஆம்பூலுக்கு நிலையான இடம் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான், உயிர் காக்கும் மருந்து அது. ஆனால் பல இடங்களில் அது புப்பிவக்கைன் இருக்கும் அதே டிராயரில், அதே ட்ரேயில் வந்து உட்கார்ந்தது. மயக்க மருந்துகளுக்கு அருகில் அதை வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது 2022 மார்ச் மாதத்தில்.

நடுவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த ஆண்டுகளில் தவறான ஆம்பூலைக் கையில் எடுத்து, உடைக்கும் முன்போ சிரிஞ்சில் இழுத்த பின்போ லேபிள் கண்ணில் பட்டு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆம்பூல் எடுத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்கள் எந்தத் தொகுப்பாய்விலும் வரமாட்டார்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் வெளியே சொல்லவில்லை. அவர்களில் பாதிப் பேராவது சக மருத்துவர்களிடம் வாய் திறந்திருந்தால் அந்த எச்சரிக்கை எவ்வளவோ முன்பே வந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் துறையில் பலர் எந்த மருத்துவமனையையும் சேர்ந்தவர்கள் இல்லை. காலையில் ஒரு நர்சிங் ஹோம், மதியம் இன்னொன்று, இரவில் எங்கிருந்து அழைப்பு வருகிறதோ அங்கே. தியேட்டரில் சர்ஜன் இருப்பார், நர்ஸ் இருப்பார். மயக்க மருந்து தெரிந்த இன்னொருவர் இருக்கமாட்டார். மருத்துவக் கல்லூரியில் படித்தபோது எதிரே யூனிட் சீஃப் இருந்தார், பக்கத்து டேபிளில் சீனியர் இருந்தார், மாதாமாதம் மரணத் தணிக்கைக் கூட்டம் நடந்தது. படிப்பை முடித்து வெளியே வந்த நாளிலிருந்து அந்தப் பேச்சு நின்றுபோகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு மயக்க மருத்துவர் சங்கத்தின் நகரக் கிளைக் கூட்டமும், இப்போது கைப்பேசியில் இருக்கும் வாட்ஸ்அப் குழுவும்தான் பக்கத்து டேபிள்.

அந்த இரண்டிலும் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. கூட்டத்துக்கு வருகிறவர்களில் சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதிகள். கையெழுத்து அந்தக் கணக்கை முடித்துவிடும். குழுவிலோ நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும். பேசுவது நாலைந்து பேர். மற்ற நேரமெல்லாம் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் மாநாட்டு அழைப்பிதழும்தான்.

கேள்விகள் இல்லாமலா போய்விட்டன? நிறையவே இருக்கின்றன. "சார், குரூப்ல போட வேண்டாம்னு நினைச்சேன், தனியா கேட்கலாமா?" என்று தொடங்கும் செய்திகள் எனக்கு வாரம் தவறாமல் வருகின்றன. மிக நல்ல கேள்விகள். நானும் பதில் சொல்கிறேன். கேட்டவருக்குத் தெளிவு கிடைக்கிறது. அதே சந்தேகத்தோடு அன்றிரவு வேறோர் ஊரில் தியேட்டருக்குள் நுழையும் இன்னொருவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. இப்போது இளையவர்கள் செயற்கை நுண்ணறிவிடமும் கேட்கிறார்கள். கேட்கட்டும், ஆனால் யாரோ ஒருவர் எங்கோ எழுதிவைக்காத அனுபவம் அதற்கும் தெரியாது.

ஏன் தனியாகக் கேட்கிறார்கள் என்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு சிறிய ஊரில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர் குழுவில் ஒரு படம் போட்டார். ஒரே மாதிரி இருந்த இரண்டு ஆம்பூல்கள். "கிட்டத்தட்ட மாற்றிப் போட இருந்தேன், எல்லோரும் கவனமாக இருங்கள்" என்று எழுதியிருந்தார். முதலில் வந்த பதில் ஒரு மூத்தவருடையது: "லேபிளைப் படிக்காமல் ஏன் மருந்து இழுக்கிறீர்கள்?" அடுத்து இரண்டு பேர் அந்தப் பதிலுக்குக் கைதட்டினார்கள். படம் நீக்கப்பட்டது. அந்த மருத்துவர் அதன் பிறகு அந்தக் குழுவில் ஒரு வரி எழுதவில்லை. அவரை மட்டும் நாங்கள் இழக்கவில்லை. அதைப் படித்துக்கொண்டிருந்த அத்தனை இளையவர்களும் இங்கே வாய் திறந்தால் என்ன நடக்கும் என்று அன்றே தெரிந்துகொண்டார்கள். லேபிளைப் படிக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். படிக்காமல் விடும் சூழ்நிலை எப்படி உருவாகிறது என்பதைத்தான் அவர் சொல்ல வந்தார்.

விமானத் துறை இதே பாடத்தை 92 உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வேண்டிய டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் வர்ஜீனியாவில் மவுண்ட் வெதர் என்ற மலையில் மோதியது. கட்டுப்பாட்டு அறை தந்த இறங்கும் அனுமதியை, உடனே 1,800 அடிக்குத் தாழ்ந்துவிடலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விசாரணையில் இன்னொன்று தெரிந்தது. ஆறு வாரங்களுக்கு முன் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே குழப்பத்தால் தாழ்ந்து, மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் மறைக்கவில்லை, தங்கள் நிறுவனத்தில் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. பக்கத்து நிறுவனத்தின் விமானிக்கு அது போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு 1975இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே விமானிகளிடமிருந்து இத்தகைய தகவல்களைக் கேட்டது. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் யார் மனம் திறப்பார்கள்? 1976இல் அந்தப் பொறுப்பை, தண்டிக்கும் அதிகாரம் இல்லாத நாசாவிடம் ஒப்படைத்தார்கள். எழுதியவர் பெயர் நீக்கப்படும். வேண்டுமென்றே செய்யாத விதிமீறல் என்றால், பத்து நாளுக்குள் எழுதியவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கும் உண்டு. இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் சேர்ந்துவிட்டன. மாதந்தோறும் அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்து எல்லா விமானிகளும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள்.

மயக்க மருத்துவத்திலும் இப்படிப் பேசியே முன்னேறியவர்கள் உண்டு. பாஸ்டனில் ஜெஃப்ரி கூப்பர் என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் மயக்க மருத்துவர்களை உட்காரவைத்து, நடந்த தவறுகளையும் நடக்கவிருந்த தவறுகளையும் சொல்லச் சொன்னார்கள். 1978இல் வெளியான அந்த ஆய்வில் 359 சம்பவங்கள். சுவாசக் குழாய் கழன்றது, சிரிஞ்ச் மாறியது, வாயு அளவு மாறியது என்று இன்றும் எந்த தியேட்டரிலும் நடக்கக்கூடியவை. இன்று குழாய் கழன்றால் இயந்திரம் அலறுகிறது என்றால், அதற்குப் பின்னால் தங்கள் தடுமாற்றத்தை வெளியே சொன்ன மனிதர்கள் இருக்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் தாய்மார்களின் மரணங்களைப் பெயரும் மருத்துவமனையும் தெரியாதபடி ஆராய்ந்து, கற்றதை எல்லோருக்கும் புத்தகமாகத் தருகிறது. யார் செய்தார் என்ற கேள்வியை விலக்கிவிட்டு, ஏன் நடந்தது என்பதை மட்டும் கேட்கும் அந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பயம் நியாயமானதே. மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1995இல் வந்தது. குழுவில் போட்ட ஒரு வரியின் ஸ்கிரீன்ஷாட் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்க விமானிக்கு இருப்பது போன்ற தெளிவான பாதுகாப்பு நமக்கு இல்லை. அது வேண்டும் என்று சங்கங்கள் விடாமல் கேட்க வேண்டும். அதுவரை நோயாளிக்குத் தீங்கு நேர்ந்த சம்பவங்களை வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம், அவற்றுக்கு மருத்துவமனைக்குள் முறையான தணிக்கைக் கூட்டம்தான் இடம். நோயாளியிடமும் குடும்பத்திடமும் நடந்ததைச் சொல்லும் கடமை தனியானது, எந்தக் கூட்டமும் அதற்கு ஈடாகாது.

தீங்கு நேராமல் தப்பியவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். நோயாளியின் பெயர், வயது, தேதி, மருத்துவமனை எதுவும் வேண்டாம். எக்ஸ்ரே, ஈசிஜி படங்களின் ஓரத்தில் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வெட்டிவிடுங்கள். என்ன நடக்க இருந்தது, எது காப்பாற்றியது, இப்போது என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று நாலு வரி போதும். தன் பெயரில் போடத் தயங்குகிறவர் ஒரு மூத்தவருக்கு அனுப்பலாம், அவர் பெயர் சொல்லாமல் பொதுவில் வைக்கலாம். எனக்குத் தனியாக வரும் கேள்விகளை இப்போது கேட்டவரின் சம்மதத்தோடு அப்படித்தான் குழுவில் போடுகிறேன். பதிலையும் அங்கேயே எழுதுகிறேன். "எனக்கும் இப்படி ஆனது" என்று அடுத்தடுத்து வருகிறவர்கள், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்கள்.

மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். இளையவர் ஒருவர் தன் தடுமாற்றத்தைச் சொன்னால் உங்கள் முதல் பதில் நன்றியாக இருக்கட்டும். திருத்த வேண்டியது இருந்தால் மறுநாள் போனில் திருத்துங்கள். உங்களுடைய சம்பவம் ஒன்றையும் சொல்லுங்கள். முப்பது வருடம் தியேட்டரில் நின்றவருக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னும் ஒரு கூட்டம் இந்தப் பேச்சுக்கு வெளியே நிற்கிறது. எங்கள் ட்ரேயை அடுக்குவது மயக்க மருந்து டெக்னீஷியன், இரவு டியூட்டி ஸ்டாஃப் நர்ஸ். கம்பெனி மாறி வந்த ஆம்பூலை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள். ஸ்டோரிலிருந்து வந்த பெட்டியைப் பிரிக்கும்போதே "இது அது மாதிரியே இருக்கே" என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். அதைச் சொல்ல அவர்களுக்கு எந்தக் குழுவும் இல்லை, எங்கள் கூட்டத்துக்கு அழைப்பும் இல்லை. கிளைப் பொறுப்பில் இருக்கும் நண்பர்கள் அடுத்த கூட்டத்தில் பதினைந்து நிமிடத்தை 'தப்பித்த சம்பவங்கள்' என்று ஒதுக்குங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு டெக்னீஷியன்களையும் நர்ஸ்களையும் முன்வரிசையில் உட்காரவைத்து, முதலில் அவர்களைப் பேச விடுங்கள்.