பதினேழு நிமிடக் காவல்

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஆளுயரச் செம்பருத்தி ஒன்று நிற்கிறது. காலையில் வாசல் தெளிக்கும் நேரத்துக்கே ஓர் ஆண் தேன்சிட்டு அதில் வந்து உட்கார்ந்துவிடும். அலகு, வால் எல்லாம் சேர்த்தே 10 சென்டிமீட்டர்தான். பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து இன்னோர் ஆண் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், கீச்சென்று கத்திக்கொண்டு அம்பு மாதிரி பாயும். இரண்டும் மதிலைத் தாண்டி, மின்கம்பியைச் சுற்றி, கண் தொடர முடியாத வேகத்தில் துரத்திக்கொள்ளும். ஒரு நிமிடம்கூட ஆகாது, நம்ம ஆள் திரும்பிவந்து அதே கிளையில் உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவு சின்ன உடம்பு இத்தனை சக்தியை ஏன் இதில் கொட்டுகிறது?

1975-இல் ஃபிராங்க் கில், லாரி உல்ஃப் என்ற இரு ஆய்வாளர்கள் கென்யாவில் பொன்சிறகுத் தேன்சிட்டை வைத்து இதற்குக் கணக்குப் போட்டார்கள். அந்தப் பறவை சும்மா உட்கார்ந்திருந்தால் மணிக்கு 400 கலோரி செலவாகும். தேன் குடித்துத் திரிந்தால் 1,000. எதிரியைத் துரத்தினால் 3,000. (நாம் சாப்பாட்டுக்குச் சொல்லும் கலோரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இந்தக் கலோரி.) பூ ஒன்றுக்கு 2 மைக்ரோலிட்டர் தேன் இருந்தால் அன்றைய பசிக்கு 4 மணி நேரம் அலைய வேண்டும். 3 மைக்ரோலிட்டர் இருந்தால் 2.7 மணி நேரமே போதும். வேறு யாரும் வாய் வைக்காத பூவில்தானே தேன் ஊறித் தங்கும்? அப்படி மிச்சமாகும் 1.3 மணி நேரத்தை உட்கார்ந்து கழித்தால் 780 கலோரி லாபம். காவலுக்கு ஒரு நாளில் செலவானது ஏறக்குறைய 17 நிமிடம். அதற்கான கூடுதல் செலவு 728 கலோரி. மீதி 52. அந்த 52-க்காகத்தான் இவ்வளவு பாய்ச்சலும்! எனக்கு இது இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

கணக்கு மாறினால் குணமும் மாறும். முருங்கை வெள்ளையாகப் பூத்துத் தள்ளும் நாட்களில் அதே மரத்தில் மூன்று நான்கு சிட்டுகள் சண்டையில்லாமல் குடிப்பதைப் பார்க்கிறேன். எல்லோருக்கும் போதுமென்றால் காவலால் லாபம் இல்லை. பூவே அற்றுப்போனாலும் அப்படித்தான், காக்க அங்கே என்ன இருக்கிறது?

மதில்மேல் உட்கார்ந்து பாடும் குண்டுக்கரிச்சானுக்கு வேறு வழி உண்டு. கறுப்பும் வெள்ளையுமான அந்த ஆண், கோடைக்காலத்தில் விடியுமுன்பே உச்சிக் கிளையில் ஏறிப் பாடும். அந்தப் பாட்டுதான் அதன் வேலி. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்துக் காடு ஒன்றில், 1970-களில் ஜான் கிரெப்ஸ் என்ற ஆய்வாளர், கிரேட் டிட் என்னும் குருவிகளைப் பிடித்து அப்புறப்படுத்திவிட்டு, சில இடங்களில் அவற்றின் பாட்டை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டார். சத்தமில்லாத இடங்களில் புதுக் குருவிகள் சீக்கிரம் குடியேறின. பாட்டு கேட்ட இடங்கள் அதிக நேரம் காலியாகவே கிடந்தன. சொந்தக்காரன் இல்லாமலே அவன் குரல் வேலி காத்திருக்கிறது. பல பாடும் பறவைகள் பக்கத்து எல்லைக்காரனின் குரலை அடையாளம் வைத்திருக்கும். தெரிந்த குரலென்றால் அதிகம் அலட்டிக்கொள்ளாது, புதுக் குரல் கேட்டால்தான் பாயும்.

ஆக, பெரும்பாலான தகராறுகள் பாட்டிலும் முறைப்பிலும் துரத்தலிலும் முடிந்துவிடும். வந்தவன் விலகிவிடுவான் என்பதை நம்பித்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது.

போன பங்குனியில் எங்கள் ஸ்கூட்டர் கண்ணாடி இதைக் கெடுத்துவிட்டது. தேன்சிட்டு அதில் இன்னோர் ஆணைக் கண்டுவிட்டது. இது பாய்ந்தால் அதுவும் பாய்கிறது, இது சிறகை விரித்தால் அதுவும் விரிக்கிறது, ஓடவே மாட்டேன் என்கிறது. காலை முழுக்க அலகால் கொத்திக் கொத்திக் கண்ணாடியில் எச்சிலும் கறையுமாக இருந்தது. பதினேழு நிமிடத்தில் முடிய வேண்டிய காவல் மணிக்கணக்கில் நீண்டால் அந்த உயிர் எங்கே போய்ச் சக்தி தேடும்? அதுவும் கூடு கட்டும் காலத்தில். பார்க்கவே பொறுக்கவில்லை.

ஒரு மஞ்சப்பையைக் கண்ணாடிமேல் மாட்டிச் சணலால் கட்டினேன். சிட்டு வந்து கைப்பிடியில் உட்கார்ந்தது, பையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தது. அப்புறம் செம்பருத்திக்குப் போய், ஒரு பூவின் அடியில் அலகால் துளையிட்டுத் தேன் குடிக்க ஆரம்பித்தது.