கிட்டிக் கட்டையிலிருந்து பிறந்த சட்டப் பிரிவு

"ஸ்டேஷன்ல எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு கையெழுத்தும் போட்டுட்டான் சார், இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாமே?" கிரிமினல் வழக்கு நடத்தும் என்னிடம் வருகிற குடும்பத்தார் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். முடியும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாகப் பொதுவாக வைக்க முடியாது, ஒரு விதிவிலக்கைக் கடைசியில் சொல்கிறேன். 1872 சாட்சியச் சட்டத்தில் இது 25-வது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 23.

இந்தப் பிரிவு சும்மா வரவில்லை. 1816-ல் சென்னை மாகாணத்தில் கலெக்டரையே மாஜிஸ்திரேட்டும் ஆக்கினார்கள், அவருக்குக் கீழே தாசில்தார் வரியும் வசூலிப்பார், போலீஸ் வேலையும் பார்ப்பார். கிஸ்தி பாக்கிக்காக ஆளை விட்டு அடிக்கச் சொன்னவரிடமே போய் 'அடித்துவிட்டார்கள்' என்று புகார் சொல்ல வேண்டும். கலெக்டரிடம் போகலாம்தான், ஆனால் நாள்கணக்கில் நடந்து, கையில் இருக்கிற நாலு காசையும் செலவழித்து, விதைப்பை விட்டுவிட்டு எந்தக் குடியானவன் போவான்?

விஷயம் 1854-ல் லண்டன் பாராளுமன்றம் வரை போன பிறகுதான் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்று மூன்று பேர் கொண்ட கமிஷன் விசாரித்து, 1855-ல் அறிக்கை கொடுத்தது. படிக்கவே மனசு கேட்காது. கிட்டி என்பது இரண்டு கட்டை, நடுவில் விரல்களை வைத்து வலி தாங்காமல் கத்தும் வரை நெருக்குவார்கள். அண்ணாந்தாள் என்றால், ஆளைக் குனியவைத்து, அவன் துணியையே கழுத்திலிருந்து கால்விரலுக்கு இழுத்துக் கட்டி, அப்படியே வெயிலில் விட்டுவிடுவது. வரிக்கும் இதுதான், திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கவும் இதுதான். பழியெல்லாம் உள்ளூர்ச் சிப்பந்திகள் மேல், வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தெரியாது என்று கமிஷன் எழுதியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வசூலாகி வந்த பணத்தை எண்ணி வாங்கியவர்கள் அவர்கள்தானே.

அப்புறம் 1859-ல் வரி வேலையிலிருந்து பிரித்துத் தனிப் போலீஸ் வந்தது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்பது 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஏறிவிட்டது.

சரி, உங்களுக்கு இதில் என்ன? ஒன்று, காவலில் இருப்பவர் சொன்னதை வைத்துப் பொருள் ஏதாவது கண்டெடுத்தால், அதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட அளவுக்கு மட்டும் அந்தப் பேச்சு சாட்சியமாகிவிடும், அதனால் படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். இன்னொன்று, கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அங்கே அவர் "அடித்தார்களா?" என்று கேட்டாலும் கேட்காவிட்டாலும் சட்டையைத் தூக்கிக் காயத்தைக் காட்டச் சொல்லுங்கள், பயந்து 'இல்லை' என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்தால், அந்தக் காயம் ஆறிப் போயிருக்கும்.