முடிவிலியும் எண்ணிலியும்

வானில் எண்ணற்ற விண்மீன்கள் என்று எழுதிப் பழகிவிட்டோம். நிலவில்லாத தெளிந்த இரவில் வெறுங்கண்ணுக்கு ஒரே நேரத்தில் தெரிபவை சில ஆயிரம்தான். பொறுமை உள்ளவர் எண்ணிவிடலாம். மணலும் அப்படியே. கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே, தம் காலத்தவர் கருதிய பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்பினால் எத்தனை மணிகள் பிடிக்கும் என்று ஆர்க்கிமிடீஸ் கணக்கிட்டார். 1 எழுதி அதன் பின்னால் 63 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணை அது தாண்டாது என்பது அவர் கண்ட விடை. மலைக்க வைக்கும் எண்தான். ஆனாலும் அது ஓர் எண். அதோடு ஒன்றைக் கூட்டலாம். கூட்டியதோடு இன்னொன்றையும் கூட்டலாம். மிகப் பெரியது வேறு, முடிவிலி வேறு.

முடிவிலி என்ற சொல்லைப் பிரித்தால் முடிவு + இலி. முடிவு என்பதில் உள்ள கடைசி உகரம், இலியின் இகரம் வந்து சேர்ந்ததும் விலகிக்கொள்கிறது. இலி என்பது இல் என்னும் வேரிலிருந்து வந்த ஈறு. இல்லாததையும் குறிக்கும், இல்லாதவரையும் குறிக்கும். அறிவிலி, நாணிலி, ஒப்பிலி எல்லாம் பழைய சொற்கள். உயிரியலில் வரும் முதுகெலும்பிலி அதே அச்சில் வார்த்த புதிய சொல். ஆகவே முடிவிலி என்பதைக் கேட்டதுமே, இந்த ஈற்றோடு பழகிய எவருக்கும் பொருள் புரிந்துவிடும். கலைச்சொல்லுக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

பிற மொழிகளும் இதே வழியில்தான் போயிருக்கின்றன. இலத்தீனில் ஃபினிஸ் என்றால் எல்லை, முடிவு. அதன் முன் மறுப்பைக் குறிக்கும் இன் சேர்ந்து பிறந்தது இன்ஃபினிட்டி. வடமொழியில் அந்தம் என்பதோடு மறுப்பு சேர்ந்து அனந்தம் ஆயிற்று. கிரேக்கரின் அபெய்ரான் என்பதும் எல்லையற்றது என்றே பொருள்படும். எந்த மொழியிலும் அது இன்னது என்று நேராகச் சொல்ல முடியவில்லை. எது இல்லை என்பதைச் சொல்லித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கந்தழி என்றொரு சொல்லையும் சிலர் இதற்கு ஆள்கிறார்கள். தொல்காப்பியத்தில் ‘கொடிநிலை கந்தழி வள்ளி’ என்று வரும் பழஞ்சொல் அது. கந்து என்றால் தூண், பற்றுக்கோடு. எதையும் பற்றி நிற்காமல், உருவமின்றித் தானே நிற்கும் பொருள் என்று நச்சினார்க்கினியர் இதற்கு உரை கூறுகிறார். புறப்பொருள் வெண்பாமாலையோ, திருமால் சோ என்னும் அரணை அழித்த வெற்றிக்கு இப்பெயரைச் சூட்டுகிறது. அழகான சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் கணக்குக்குத் தேவையான ‘முடியாமை’ அதில் இல்லை. மெய்ப்பொருள் பேசுவோரிடமே அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

படுத்துக்கிடக்கும் எட்டைப் போன்ற குறியீட்டை இந்தப் பொருளில் 1655-இல் முதலில் பயன்படுத்தியவர் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். அந்த எட்டின்மேல் விரலை ஓட்டினால் எங்கும் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோட்டின் நீளம் ஓர் அளவுக்கு உட்பட்டதுதான். 0-இலிருந்து 1 வரை ஒரு கோடு போட்டாலும் இப்படித்தான். அதற்கு இரண்டு பக்கமும் முடிவு இருக்கிறது. உள்ளே இருக்கும் புள்ளிகளோ முடிவில்லாதவை. அப்படியானால் முடிவிலியில் எதற்கு முடிவில்லை? பொருளுக்கு அல்ல. அதை எண்ணும் செயலுக்குத்தான் முடிவில்லை.

இதை யூக்ளிட் எவ்வளவு நுட்பமாகக் கையாண்டார் என்று பாருங்கள். பகா எண்கள் முடிவில்லாதவை என்று அவர் எழுதவில்லை. எத்தனை பகா எண்களைக் கொடுத்தாலும் அவற்றைவிட அதிகமாக உண்டு என்றே எழுதினார். 2, 3, 5 மட்டும்தான் பகா எண்கள் என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 31. 2, 3, 5 ஆகிய எதனால் வகுத்தாலும் மீதி 1. எனவே பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் வந்தே தீர வேண்டும். இங்கே 31-ஏ பகா எண். 13 வரையுள்ள ஆறு பகா எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 30,031. இது பகா எண் அல்ல. 59-ஐ 509-ஆல் பெருக்கினால் வருவது. ஆனால் 59-உம் 509-உம் பட்டியலில் இல்லாத பகா எண்கள்! எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் இதே கணக்கு அதை உடைத்துவிடும். முடிவிலியைக் கண்ணால் காணாமல், அது உண்டு என்று இரண்டே வரிகளில் உறுதிசெய்யும் இந்த வாதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

கலிலியோ 1638-இல் இன்னொரு விந்தையைச் சுட்டினார். 1, 2, 3, 4 என்ற எண்களுக்கு நேரே 1, 4, 9, 16 என அவற்றின் வர்க்கங்களை எழுதிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இணை கிடைக்கும். வர்க்க எண்கள் எல்லா எண்களிலும் ஒரு பகுதிதான்; ஆனாலும் இணை சேர்த்தால் எதுவும் மிஞ்சுவதில்லை. பெரிது, சிறிது, சமம் என்ற பேச்சே முடிவிலியில் செல்லாது என்று அவர் முடித்துக்கொண்டார்.

செல்லும் என்று காட்டியவர் ஜார்ஜ் கேன்டர் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர். 1874-இல் ஒரு நிறுவலும், 1891-இல் அதைவிட எளிய இன்னொன்றும் தந்தார். 0-க்கும் 1-க்கும் இடையே உள்ள எல்லாத் தசம எண்களையும் வரிசையாக எழுதிவிட்டதாக ஒருவர் சொல்லட்டும்:

முதலாவது 0.5172…
இரண்டாவது 0.3331…
மூன்றாவது 0.1415…
நான்காவது 0.9086…

முதல் எண்ணின் முதல் இலக்கம் 5, இரண்டாவதன் இரண்டாம் இலக்கம் 3, மூன்றாவதன் மூன்றாம் இலக்கம் 1, நான்காவதன் நான்காம் இலக்கம் 6. இப்படி மூலைவிட்டமாக இறங்கிக்கொண்டே, 5 வந்த இடத்தில் 4-உம் மற்ற இடங்களில் 5-உம் எழுதுங்கள். கிடைப்பது 0.4555… இது முதல் எண்ணோடு முதல் இலக்கத்தில் வேறுபடும், நூறாவது எண்ணோடு நூறாம் இலக்கத்தில் வேறுபடும். அந்த வரிசையில் இதற்கு எங்கும் இடமில்லை. வரிசையை எப்படி மாற்றி அமைத்தாலும் ஒன்று விடுபட்டே போகும்.

முடிவிலிகளுக்குள்ளும் பெரிது சிறிது உண்டு என்பது இதிலிருந்து வருகிறது. 1, 2, 3 என்று போகும் எண்களை நாம் எண்ணி முடியாது. 0-க்கும் 1-க்கும் இடையே உள்ளவற்றையோ எண்ண முடியாது. எண்ணி, எண்ண என்ற ஒரே எழுத்து வேறுபாட்டில் கேன்டரின் கண்டுபிடிப்பு முழுவதையும் தமிழில் சொல்லிவிடலாம். முதல்வகையில் எண்ணும் வேலை ஓயாது. எந்த ஓர் எண்ணை எடுத்தாலும் அதன் முறை ஒருநாள் வரும். இரண்டாம் வகையை வரிசையில் நிறுத்தவே வழியில்லை.

இந்த இரண்டாம் வகைக்கு எண்ணிலி என்ற சொல்லை ஒதுக்கலாம் என்பது என் விருப்பம். ‘எண்இறந்து எல்லை இலாதானே’ என்று சிவபுராணம் எண்ணையும் எல்லையையும் தனித்தனியே சொல்கிறது. இங்கே இறத்தல் என்றால் கடத்தல். இறந்தகாலம் என்று நாம் சொல்வதும் கடந்துபோன காலத்தைத்தான். எல்லையில்லாமை ஒன்று, எண்ணைக் கடத்தல் வேறொன்று என்ற பிரிவுக்கு நம்மிடம் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. எண்ணுதல் என்பதற்குத் தமிழில் நினைத்தல் என்ற பொருளும் உண்டு. எண்ண முடியாததை எண்ணிப் பார்த்தவர் கேன்டர்.

எழுதுவோருக்கு ஒன்று. முடிவிலி பெயர்ச்சொல், அடைமொழியாக வரும்போது முடிவிலாத் தொடர், முடிவிலாக் கணம் (கணம் என்பது பொருள்களின் தொகுப்பு) என்று எழுதுவது சிறப்பு. எதிர்ச்சொல் முடிவுறு. ஒரு மதிப்பு ‘முடிவிலியை அடைகிறது’ என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். அடைய அங்கே ஓர் இடம் இல்லை. வரம்பின்றிப் பெருகுகிறது என்பதே அதன் பொருள்.

எண்ணிலியோடும் விஷயம் நிற்கவில்லை. எந்தக் கணத்தை எடுத்தாலும் அதன் உட்கணங்கள், அதாவது அதிலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய தொகுப்புகள், எல்லாவற்றையும் சேர்த்தால் அதைவிடப் பெரிய கணம் கிடைக்கும் என்றும் கேன்டர் நிறுவினார். இந்தப் படிக்கட்டுக்குக் கடைசிப் படி இல்லை. ஆனால் முதல் இரண்டு படிகளுக்கு நடுவே, அதாவது 1, 2, 3 என்னும் வரிசைக்கும் மெய்யெண்களுக்கும் (தசமமாக எழுதத்தக்க எல்லா எண்களுக்கும்) இடைப்பட்ட அளவில் இன்னொரு முடிவிலி உண்டா என்ற கேள்விக்கு அவரால் விடை காண இயலவில்லை. இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கணிதத்தின் வழக்கமான அடிப்படை விதிகளில் முரண்பாடு தோன்றாது என்று குர்ட் கோடெல் காட்டினார். உண்டு என்று வைத்துக்கொண்டாலும் தோன்றாது என்று 1963-இல் பால் கோஹன் காட்டினார்.